தூக்க முடியாத கை

தலை வாரச் சீப்பை எடுத்த எமது பெரிய தாயார், கையைத் தோளுக்கு மேல் உயர்த்த மாட்டாது அதனைப் பேர்த்தியிடம் கொடுத்ததைச் சென்ற வாரம் கண்டோம். தோள்மூட்டை மாற்றும் சத்திரசிகிச்சை செய்யலாமென வைத்தியர் கூறியுள்ளார். "தம்பி, கடவுள் தந்த எலும்பை வெட்டிப்போட்டு உலோகத்தை வைக்கிறதோ?" என்று அவர் எம்மை வினவினார். அவருக்கு நாம் அளித்த விடை வாசகர்க்கும் பயன்படலாம்.

தோள் ஒரு பந்துக் கிண்ண மூட்டு. புயவெலும்பின் தலை பந்து. தோட்பட்டை எலும்பிலுள்ள ஆழமற்ற குழி கிண்ணம். இரண்டையும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அது தேய்ந்தால் எலும்போடு எலும்பு உராயும். இரவில் உறக்கமும் கெடும். வைத்தியர் வெட்டி அகற்றுவது கெட்டுப்போன தலையையே. கை முழுவதையும் அன்று. தலையின் இடத்தில் உலோகப் பந்தும், குழியில் பிளாஸ்டிக் கிண்ணமும் பொருத்தப்படும்.

இம்முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1893ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பேயான் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், காசநோயால் தோள் சிதைந்த ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவருக்குப் பிளாத்தினமும் இறப்பரும் கொண்டு செய்த மூட்டைப் பொருத்தினார். கிருமித் தொற்றினால் ஏறக்குறைய இரண்டாண்டுகளில் அதனை அகற்ற நேர்ந்தது. 1950களில் நியூயோர்க்கைச் சேர்ந்த சார்ள்ஸ் நீயர், நொறுங்கிய புயத்தலைக்குப் பதிலாக உலோகத் தலையை வைத்து வெற்றி கண்டார்.

ஆயினும் ஒரு தடை எஞ்சியது. பந்தைக் கிண்ணத்தில் நிலைநிறுத்தும் தசைநாண்கள் கிழிந்தவர்களுக்குப் புது மூட்டு வைத்தும் கை உயரவில்லை. பிரான்சில் போல் கிராமோன் 1985இல் வேறு வழி கண்டார். பந்தைத் தோட்பட்டையிலும் கிண்ணத்தைப் புயத்திலுமாக இடம் மாற்றி அமைத்தார். அதனால் தோளின் வெளிப்புறத்தை மூடியுள்ள பெருந்தசையே கையை உயர்த்த வல்லதாயிற்று. தசைநாண் கிழிந்த எமது பெரிய தாயாருக்கு வைத்தியர் கூறியதும் இம்முறையே.

இதிலும் இடர்கள் உள. கிருமி தொற்றலாம், மூட்டு நழுவலாம். சில வாரங்கள் கையைத் தூக்குக்கட்டில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர்ப் பல மாதங்கள் பயிற்சி செய்தல் வேண்டும். உலோகம் உராய்வை நீக்கும். கையை உயர்த்த வேண்டியது நமது தசையே.

"அப்ப, என்ர தலையை நானே வாரலாமோ?" என்றார் அவர்.

"வாரலாம் என்று இப்போதே உறுதி கூற முடியாது. ஆனால், வலி பெரிதும் தணியும் என்றே வைத்தியர் நம்புகிறார்" என்றோம்.

சிறிது நேரம் பேசாதிருந்தார். "நித்திரை வந்தாலே போதும், தம்பி. நாளைக்கு வைத்தியரிட்டைக் கூட்டிக்கொண்டு போ" என்றார்.