தேனீக்கும் ஒரு மூலை



லைன் வீடானாலும் குடிசையானாலும், கொல்லையில் நாலு முழம் மண் கிடந்தால் பூசணி போடுகிறோம். கொடி படர்கிறது, பூ பூக்கிறது. பிஞ்சோ வெம்பி உதிர்கிறது. உரக்கடைக்காரர் மண்ணின்மீது பழி போடுகிறார். எப்போதும் அதுவா காரணம்?

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றின் மகரந்தத்தை மற்றதற்குச் சுமப்பது தேனீ. கூலி கேளாத அந்த உழைப்பாளி வராவிட்டால் காய் ஏது?

அதற்கு இடம் கொடுக்கப் பணம் வேண்டாம். மண்சுவர்ப் பொந்தில் கொசுத்தேனீ குடியிருந்தால் பூசி அடைக்காதீர்கள். அதற்குக் கொட்டத் தெரியாது. காய்ந்த மூங்கில் கழி நாலைந்து கூரையோரம் கிடக்கட்டும். கருவண்டு போலிருக்கும் தச்சுத்தேனீ அதில் குடியேறும். வேலியோரம் தும்பையும் துளசியும் பூக்கட்டும்.

இவ்வளவும் செய்து என்ன பயன், பக்கத்து வயலில் பூ விரிந்திருக்கும் காலையில் பூச்சிமருந்து அடித்தால்? தேனீ சாகிறது. அந்த விஷத்தை முதுகில் சுமந்து, முகமூடியின்றி அடிப்பவன் யார்? கூலியாள்! தேனீயைக் கொல்லும் மருந்து அவன் மூச்சிலும்தான் ஏறுகிறது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-ல் தடை செய்தது. அதற்குக் காசர்கோட்டு மக்கள் பல்லாண்டு போராட வேண்டியிருந்தது.

ஆகவே இதை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கலாகாது. கொல்லையில் ஒரு மூலையைத் தேனீக்கு விடுவோம். "பூத்த வயலில் காலையில் மருந்தடிக்கச் சொல்லாதே, அடிப்பவனுக்கு முகமூடியும் கையுறையும் கொடு" என்று சங்கத்தின் மூலம் கேட்போம்.