வேலையை விட்டு சொந்தமாக மெஷின் போடும் அம்மாக்கள்: திருப்பூரில் என்ன காரணம்?

காலை எட்டரைக்குள் பனியன் கம்பெனிக்குள் நுழைய வேண்டும். ஒன்றரை ஷிப்ட் என்றால் வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். ஸ்கூல் விடுவதோ மாலை நாலு மணிக்கு. இடையில் குழந்தையை யார் பார்ப்பது? திருப்பூரில் பல அம்மாக்களின் சொந்தத் தொழில் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

சட்டம் உதவாதா?

ஓரளவுக்குத்தான். 2017-ல் வந்த மகப்பேறு சட்டத் திருத்தம் 26 வார விடுப்பு தந்தது; 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. சின்ன யூனிட்டுகள் இதில் வராது. காப்பகமும் பொதுவாக ஆறு வயது வரைதான். இங்கே பலர் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். பார்த்துக்கொள்ள பாட்டி பக்கத்தில் இல்லை.

தொழில் தொடங்குவது சுலபமா?

மற்ற ஊர்களைவிட சுலபம். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங் என ஒவ்வொரு வேலையும் தனித்தனி இடத்தில் நடக்கும். ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின் இருந்தால் வெட்டிய துணியை வாங்கி, பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுக்கலாம். முத்ரா திட்டத்தில் ‘சிசு’ பிரிவில் 50 ஆயிரம் ரூபாய் வரையும், ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் வரையும் கடன் உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பிஎம்இஜிபி) புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கு நகரத்தில் 25%, கிராமத்தில் 35% மானியம்.

ரிஸ்க் எங்கே?

நேரம் கைக்கு வரும். பிஎஃப், இஎஸ்ஐ, சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு எல்லாம் போய்விடும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50% வரி விதித்தபோது திருப்பூரின் ஏற்றுமதி ஆடினது. ஆர்டர் குறைந்தால் ஜாப் ஒர்க்கும் குறையும். மெஷின் தவணை மட்டும் குறையாது.

தைத்துக் கொடுத்த பிறகு பணம் இழுத்தடிக்கப்பட்டால்?

உத்யம் பதிவு கைகொடுக்கும். இது இலவசம், ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும். இல்லையென்றால் 15 நாளில். தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். ஆர்டர் எடுக்கும் முன்பே பதிவு செய்வது முக்கியம்.

பிள்ளைக்காக வேலையை விட்டவர் வீட்டில் மெஷின் ராத்திரி பத்து மணிக்கும் ஓடினால், ஷிப்ட் இடம்தான் மாறியிருக்கிறது. பீஸ் ரேட்டைப் பேசும்போது வாடகை, கரண்ட், தவணையோடு தன் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுவதே முதல் பாதுகாப்பு.