விட்டது எத்தனை, வாழ்வது எத்தனை?

இந்தியாவின் முதலைப் பாதுகாப்புத் திட்டம் 1975இல் ஒடிசாவில் தொடங்கியபோது, கரியால் எனப்படும் சொம்புமூக்கு முதலைகள் இயற்கையில் 200கூட இல்லை என்று மதிப்பிட்டார்கள். முட்டைகளை மணலிலிருந்து எடுத்துக் காப்பகத்தில் பொரிக்கவைப்பது, குஞ்சு ஒரு மீட்டரைத் தாண்டியதும் ஆற்றில் விடுவது என்று முடிவாயிற்று. அன்றைக்கு அது சரியான முடிவுதான். 2004க்குள் 5,000க்கும் மேற்பட்டவை ஆறுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

பிறகு என்ன ஆயின?

1997இல் 436 ஆக இருந்த வளர்ந்த முதலைகள் 2006இல் 182 ஆகச் சுருங்கின. சரிவு நேர்ந்த அந்த இடைவெளியில், 1999 முதல் 2003 வரை, சம்பல் ஆற்றுச் சரணாலயத்தில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. காப்பகப் பதிவேடுகள் நிறைந்தன. ஆற்றைப் பார்க்கத்தான் ஆளில்லை. 2007–08 குளிர்காலத்தில் அதே சம்பலில் 100க்கும் மேற்பட்டவை செத்து ஒதுங்கின. உடற்கூறாய்வில் சிறுநீரகச் சிதைவும் உள்ளுறுப்புகளில் படிந்த யூரிக் அமிலமும் தெரிந்தன.

இந்த விலங்கின் தேவைகள் புதிரானவை அல்ல: ஓடும் நீர், ஆழமான மடு, உயர்ந்த மணல்திட்டு. மார்ச் இறுதி, ஏப்ரலில் இடும் முட்டை, வெள்ளம் வருமுன் ஜூனில் பொரிய வேண்டும். மணல் அள்ளினால் கூடு கட்ட இடமில்லை. அணையில் காலம் தவறித் தண்ணீர் திறந்தால் கட்டிய கூடும் போயிற்று. தப்பிப் பிழைத்தது நைலான் செவுள்வலையில் சிக்கினால், மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. ஆற்று ஆலாவும் நன்னீர் ஆமைகளும் முட்டையிடுவது அதே திட்டுகளில்தான் என்பதால், கரியாலுக்காகக் காக்கும் மணல் அவற்றுக்கும் சேர்த்தே.

சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை 2008 முதல் சம்பலில் ரேடியோ கருவி பொருத்திச் செய்துவரும் ஆய்வு, இவை ஆற்றில் வெகுதொலைவு இடம்பெயர்வதைக் காட்டியிருக்கிறது. ஒரு மடுவை மட்டும் வேலியிட்டுக் காப்பதில் பயனில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒடிசாவின் சத்கோசியாவில், மகாநதியில் தொடர்ந்து விட்டுவந்தும் இயற்கையாகக் குஞ்சு பொரித்ததைக் காண 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காப்பகங்களை மூடச் சொல்லவில்லை. ஆண்டறிக்கையில் 'விடப்பட்டவை' என்ற எண்ணை முதல் பக்கத்தில் போடும் வழக்கத்தை வனத்துறையினரும் ஆய்வாளர்களும் கைவிடட்டும். அந்த இடத்தில் அவ்வாண்டின் கூடுகளின் எண்ணிக்கையும், முன்பு விட்டவற்றில் உயிரோடு காணப்பட்டவை எத்தனை என்பதும் வரட்டும்.