பற்று நோட்டின் இன்னொரு பிரதி

தரவுதான் இந்தக் காலத்து எண்ணெய் என்று சொல்லாத தொழில் மாநாடு இன்று இல்லை. அமைச்சர்கள் சொல்கிறார்கள், வங்கித் தலைவர்கள் சொல்கிறார்கள், பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தர்களும் சொல்கிறார்கள். 2006இல் இதை முதலில் சொன்னவராக அறியப்படுபவர் கிளைவ் ஹம்பி என்ற பிரிட்டிஷ் கணித வல்லுநர். கச்சா எண்ணெயைப் போல இதையும் சுத்திகரித்தால்தான் பயன் என்ற பின்பாதியையும் அவர் சேர்த்தே சொன்னார். மேடைகளில் அது எப்போதோ உதிர்ந்துவிட்டது. போகட்டும். முழுதாகச் சொன்னாலும் அந்த உவமை பிழை என்பதே என் கட்சி. தன்னை யார் தோண்டி எடுக்கிறார்கள் என்று எண்ணெய் கேட்காது. கடையில் பொருள் வாங்குகிறவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். இதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை. ஹம்பியும் அவர் மனைவி எட்வினா டன்னும் கட்டியெழுப்பிய தொழிலின் வரலாறே போதும்.

இருவரும் சி.ஏ.சி.ஐ. என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். ஒருவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதைக் கொண்டு அவர் எப்படிப்பட்டவர், என்ன வாங்குவார் என்று வகைப்படுத்திக் கொடுப்பது அந்த நிறுவனத்தின் பெயர்பெற்ற சரக்கு. அடையாறு என்றும் வியாசர்பாடி என்றும் கேட்டதுமே நாம் ஆளை எடைபோடுகிறோமே, அதன் புள்ளிவிவர வடிவம். 1989இல் அங்கிருந்து வெளியேறி, லண்டனில் தங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் டன்ஹம்பி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1994இல் பிரிட்டனின் டெஸ்கோ பல்பொருள் அங்காடி நிறுவனம் தன் சில கடைகளில் வாடிக்கையாளர் அட்டையைச் சோதித்துப் பார்த்தபோது, அதில் சேர்ந்த பில்களை ஆராயும் வேலை இவர்களிடம் வந்தது. முடிவைக் கேட்ட டெஸ்கோ தலைவர் மெக்லாரின், தன் வாடிக்கையாளரைப் பற்றி 30 ஆண்டுகளில் தான் அறியாததை இவர்கள் மூன்றே மாதத்தில் அறிந்துவிட்டது அச்சமூட்டுகிறது என்றாராம். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அலுக்காமல் திரும்பச் சொல்லும் கதை இது. 1995 பிப்ரவரியில் அந்த அட்டை, கிளப்கார்ட் என்ற பெயரில் நாடு முழுவதும் வந்தது. அதே ஆண்டில் டெஸ்கோ போட்டி நிறுவனமான செயின்ஸ்பரியைத் தாண்டி பிரிட்டனின் முதலிடத்துக்குப் போனது. அட்டையைக் கேலி பேசிய செயின்ஸ்பரியும் மறு ஆண்டே தன் பங்குக்கு ஓர் அட்டையை இறக்கியது.

தரவை மலைமலையாகக் குவித்ததால் வந்த வெற்றி அல்ல இது. அன்றைக்குக் கணினியில் சேமிப்பது செலவு பிடித்த காரியம் என்பதால், தொடக்கத்தில் பில்களில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே எடுத்துப் பார்த்தார்கள். கேள்விதான் கூர்மையாக இருந்தது. போட்டிக் கடை விலையைக் குறைத்தால் நாமும் வாழைப்பழத்தின் விலையைக் குறைப்போம் என்பது வியாபாரியின் வழக்கமான புத்தி. எல்லாரும் வாங்கும் பொருள் ஆயிற்றே. ஆனால் எல்லாரும் வாங்குவதாலேயே அந்தத் தள்ளுபடி வீணாகிறது, விலையைப் பார்க்காமல் கூடையில் போடுகிறவருக்கும் அது போய்ச் சேருகிறது. சில்லறையை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீடுகளின் பில்லில் அதிகம் தென்படுவது எது என்று தேடினார்கள். டெஸ்கோவின் மலிவு வகை மார்ஜரின் அகப்பட்டது. வெண்ணெய் வாங்க முடியாதவர்கள் ரொட்டியில் தடவும் அந்த டப்பாவின் விலையைக் குறைத்தால், யாரைத் தக்கவைக்க நினைத்தார்களோ அவர் கைக்கே அது போகும். வாடிக்கையாளருக்கும் இதில் பங்கு இருந்தது. ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு பென்னி என்று நூற்றுக்கு ஒன்று திரும்பக் கிடைத்தது. ஆண்டுக்கு நான்கு முறை தபாலில் கூப்பன் வந்தது. வேண்டாம் என்று மறுத்தவருக்கு அந்த ஒரு சதவீதம் மட்டுமே நஷ்டம்.

எண்ணெயாக இருந்திருந்தால் அதைப் பீப்பாயில் அடைத்து யாருக்கும் விற்றிருக்கலாம். நடந்ததைப் பாருங்கள். 2001இல் டெஸ்கோ டன்ஹம்பியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 2003இல் அமெரிக்காவின் குரோகர் கடைகளோடு கூட்டு நிறுவனம் பிறந்தது. 2010 வாக்கில் நிறுவனர்கள் இருவரும் விலகினார்கள். 2014-15 நிதியாண்டில் டெஸ்கோ ஏறக்குறைய 640 கோடி பவுண்டு நஷ்டக் கணக்குக் காட்டியது. வாடிக்கையாளரை அறிவதில் உலகுக்கே பாடம் எடுத்த கடையால், அந்த வாடிக்கையாளர்கள் மலிவு விலைக் கடைகளான ஆல்டிக்கும் லிடிலுக்கும் போவதைத் தடுக்க முடியவில்லை. பணமுடையில் டன்ஹம்பியை விற்கப் பார்த்தது. அதே சமயம் குரோகர் கூட்டிலிருந்து விலகித் தனக்கென ஒரு தரவு நிறுவனம் வைத்துக்கொண்டது. 2015 முடிவதற்குள் டெஸ்கோ விற்பனையைக் கைவிட்டது. கல்லாவிலிருந்து நாள்தோறும் வரும் பில்தான் இந்தத் தொழிலின் உயிர், அது நின்றால் விற்க ஒன்றுமில்லை. நேற்றைய தரவு நேற்றைய மீன். ஆக, மதிப்பு இருந்தது சேமித்து வைத்த தகவலில் அல்ல, வாங்குகிறவர் மறுபடி அதே கடைக்கு வந்து அதே அட்டையை நீட்டுவதில்.

அட்டையை யாரும் கழுத்தைப் பிடித்துத் திணிக்கவில்லையே, விரும்பியவர்தானே வாங்குகிறார் என்று கேட்பார்கள். 1995இல் அது நியாயமான வாதம். 2019இல் டெஸ்கோ 'கிளப்கார்ட் விலை' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அலமாரியில் ஒரே பொருளுக்கு இரண்டு விலை. அட்டை இல்லாதவருக்கு அதிகம். விலையை முதலில் ஏற்றிவிட்டுத்தான் இறக்குகிறார்களோ என்ற சந்தேகம் எழுந்தது. பிரிட்டனின் போட்டி, சந்தைகள் ஆணையம் பல கடைகளில் இப்படி விற்கும் சுமார் 50,000 பொருள்களை ஆராய்ந்து 2024 நவம்பரில் அறிக்கை தந்தது. 92 சதவீதப் பொருள்களில் சலுகை உண்மையானதே. அட்டைதாரருக்கு அந்தப் பொருள்களில் சராசரியாக 17 முதல் 25 சதவீதம் வரை மிச்சம். கடைகள் குற்றமற்றவை என்று இதைக் கொண்டாடுகிறார்கள். மோசடி இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த எண்ணைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். 1995இல் 'என் கணக்கை எழுதாதே' என்று சொல்ல நூற்றுக்கு ஒன்றுதான் செலவு. இன்று, சலுகைப் பொருள்களில் மட்டும் என்றாலும், அது நூற்றுக்கு இருபதை ஒட்டி நிற்கிறது. மாதக் கடைசியில் மளிகை வாங்கும் குடும்பத்தால் அந்த விலைக்கு மறுக்க முடியுமா? பரிசாகத் தொடங்கியது அபராதமாக மாறியிருக்கிறது. அப்படிப் பெற்ற சம்மதத்தை முழுச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

இன்னொரு மறுப்பு நமக்குப் பழக்கமானது. அண்ணாச்சி கடையில் மட்டும் என்ன வாழ்ந்தது? எந்த வீட்டில் மாதம் எத்தனை கிலோ துவரம் பருப்பு, எந்த வீட்டுக்காரர் தேதி தவறாமல் பணம் கட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்தானே? மனப்பாடம்தான். ஆனால் பற்று வைக்கிற வீட்டில் நோட்டு இரண்டு. கடையின் பேரேட்டில் ஏறுவதே வீட்டிலிருந்து கொண்டுபோகும் சின்ன நோட்டிலும் ஏறும். போன மாதம் வாங்காத சீயக்காய் கணக்கில் ஏறியிருந்தால் அங்கேயே நின்று சண்டை போடலாம். அட்டைக் கணக்கில் இரண்டாவது நோட்டு நம் கண்ணில் படுவதே இல்லை. விலையைப் பார்க்கிறவர், பிள்ளை பெற்றவர், கடை மாறக்கூடியவர் என்று நம் பெயருக்கு எதிரே என்னென்ன குறித்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. எட்வினா டன்னே பின்னாளில் பிரிட்டன் அரசின் தரவு அறநெறி மையத்தின் இடைக்காலத் தலைவராக இருந்தார். இந்தத் தொழிலை வளர்த்தவரின் பாதை அங்கே போய் நின்றதில் எனக்கு வியப்பில்லை.

இங்கே இந்தியாவில் அட்டைகூட வேண்டாம், கைபேசி எண்ணே அட்டை. எண் தராவிட்டால் பில் போட மறுப்பது சரியல்ல என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நான் சொல்லும் இரண்டாவது நோட்டுக்கு இடம் இருக்கிறது. தன்னைப் பற்றி வைத்திருக்கும் தரவின் சுருக்கத்தை ஒருவர் கேட்டுப் பெறலாம். கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவு எளிதாகவே திரும்பப் பெறலாம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில், அதாவது தமிழிலும், படிக்கும் வசதி தர வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கடைகள் மீதான முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். சிறு கடைகளுக்கு இது சுமை என்கிறார்கள். எண்ணை வாங்கிக் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த கடைக்கு, அதே எண்ணுக்கு அதன் கணக்கையும் அனுப்புவது சுமையாகாது. 'நம்பர் சொல்லுங்க' என்று கேட்கும் அதே கவுன்டரில், 'என் பேரில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்டால் பதில் சொல்வதற்கு ஓர் ஆளை இப்போதே பழக்கத் தொடங்கலாம்.