பெட்டரி யாருக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. கரண்ட் இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறோம்.

2022 மார்ச் கடைசி. மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்கள். ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பு, மே மாதம் சாதாரண தரப் பரீட்சை. வஹகோட்டையில் எங்கள் வீட்டில் இருந்தது ஆட்டோவில் கழற்றிய ஒரேயொரு 12 வோல்ட் பெட்டரி. அதில் ரவுட்டர், எல்ஈடி பல்ப், சின்ன ஃபேன், ஃபோன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொழுவினோம். இரவு ஒன்பது மணிக்கு பல்ப் மங்கிப் போனது. மகள் கணித வினாத்தாளின் பாதியில் இருந்தாள். ஃபேன் அதுவரை யாருமில்லாத அறையில் சுற்றிக்கொண்டிருந்தது.

வலு என்றால் அழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்குவது என்று கரும்பலகையில் எழுதுபவர்கள் நாங்கள். அதைச் சொந்த வீட்டில் ஒரு தடவைகூடக் கணக்குப் பார்க்கவில்லை. அடுத்த நாள் அவசரத்தில் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்து ரவுட்டரையும் எரித்தோம். வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறோம், மற்றவர்களுக்கு உதவும்.

எங்கள் வாப்பாமார் காலத்தில் இந்தக் கணக்கு எல்லா வீட்டிலும் இருந்தது. லைன் வராத ஊர்களில் கார் பெட்டரியில்தான் டிவி. பெட்டரியை டவுனுக்குத் தூக்கிப் போய் சார்ஜ் பண்ணிக் கொண்டு வர வேண்டும். பிறகு 1997 முதல் 2011 வரை உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த திட்டங்களில், இலங்கைக் கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு சோலார் வந்தது. கூரையில் ஒரு தகடு, கீழே 12 வோல்ட் பெட்டரி, அதிலிருந்து சில பல்ப், ஒரு ரேடியோ, ஒரு கறுப்பு வெள்ளை டிவி. செய்தி முடிந்தால் டிவி நிற்கும், இல்லாவிட்டால் இரவுக்கு வெளிச்சம் இல்லை. இருப்பது இவ்வளவுதான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 230 வோல்ட் வந்ததும் அதை மறந்துவிட்டோம்.

எங்கள் கருத்து இதுதான். ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனி பெக்கப் வாங்கிக் காசைக் கரைக்கத் தேவையில்லை. ஒரு வீட்டுக்கு ஒழுங்கான ஒரு 12 வோல்ட் லைன் போதும். ஆனால் ஒழுங்காக இருக்க வேண்டும்.

முதலில், சாதனத்தின் அடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். அம்பியரைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ரவுட்டர் 1 அம்பியர், 5 வாட் பல்ப் இரண்டு 0.83 அம்பியர் என்றால் மொத்தம் 1.83. இதற்கு 2 அம்பியர் அடெப்டர் நூலிழையில் நிற்கும், 3 அம்பியர் நல்லது.

இரண்டாவது, பெட்டரியின் அளவு. ஈயப் பெட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். 7 அம்பியர்-மணி என்றால் 3.5தான் உங்கள் கையில். மேலே சொன்ன சுமைக்கு இரண்டு மணித்தியாலம்கூட வராது. ஒரு பல்ப் மட்டும் என்றால் எட்டு மணித்தியாலம்.

மூன்றாவது, 12 வோல்ட் பெட்டரி சார்ஜ் ஆகும்போது 14ஐயும் தாண்டும். எல்லாச் சாதனமும் அதைத் தாங்காது, இடையில் ரெகியுலேட்டர் வேண்டும். ஃபோனுக்குத் தேவை 5 வோல்ட், அதற்குக் காரில் போடும் சார்ஜரைப் பாவியுங்கள். நேரடியாகக் கொடுக்க வேண்டாம்.

நான்காவதுதான் முக்கியம். "12 வோல்ட்தானே, ஷொக் அடிக்காது" என்கிறோம். உண்மை. ஆனால் நெருப்புப் பிடிக்கும். 60 வாட் சுமைக்கு 230 வோல்ட்டில் கால் அம்பியர் போதும், 12 வோல்ட்டில் 5 அம்பியர் ஓடும். மெல்லிய வயர் சூடாகும். வயர் இரண்டும் ஒன்றோடொன்று பட்டால் பெட்டரி நூறு அம்பியருக்கு மேலும் தள்ளும். ஆகவே தடித்த வயர், பெட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். பிள்ளைகள் தூங்கும் அறையில் பெட்டரி வேண்டாம்.

இவ்வளவும் கணக்கு. இனி அமானிதம்.

பெட்டரி யாருக்கு முதலில்? எங்கள் வீட்டில் அன்று தீர்மானித்தது கை பலம். முதலில் கொழுவியவருக்குக் கிடைத்தது, கேட்கத் தயங்கிய பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. இப்போது சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: படிப்பு விளக்கு, உம்மாவின் கட்டிலருகே விளக்கு, ஒரு ஃபோன், பிறகு ரவுட்டர். டிவி கடைசி. அண்டை வீட்டுக்கென்று ஒரு சார்ஜர் முனை. அந்தோனியார் திருவிழாவுக்கு நம்மைக் கூப்பிடுகிற, பெருநாளைக்கு நம் வட்டிலப்பம் போகிற வீடு, ஃபோன் செத்துப்போய் இருட்டில் இருக்கக் கூடாது.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடே இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு என்றார்கள், எல்லோரும் மீம் போட்டுச் சிரித்தோம். அடுத்த நாட்களில் சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. எங்கள் வீட்டில் அந்த இரவுகளில் படிப்பு விளக்கு அணையவில்லை.

ஆசிரிய நண்பர்களே, தரம் 10, 11 விஞ்ஞானப் பாடத்தில் ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு, "உங்கள் வீட்டு அடெப்டர்களில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதி வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கூட்டல் பெருக்கல் தெரிந்த பிள்ளையே அந்த வீட்டின் எஞ்சினியர்.

இன்றிரவு உங்கள் வீட்டிலும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். வஸ்ஸலாம்.