கழற்றுமுன் காரணம் காண்க

மரமரியும் சங்கிலி வாள் திடீரென நின்றுவிட்டால், அதன் இயந்திரத்தை வீட்டிலேயே பிரித்துப் பார்க்க அவாவுவோர் பலர். நாம் தடுக்கவில்லை, காரணத்தைக் கண்ட பின்னர் பிரியுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

இஃது ஈரடிப்பு இயந்திரம். இதன் உட்பாகங்களுக்கு வேண்டிய எண்ணெய் பெற்றோலுடன் கலந்தே செல்கின்றது. இக்காலத்து வாள்கள் பலவற்றிற்கு 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் ஈரடிப்பு எண்ணெய் என்பதே அளவு. எண்ணெய் குறைந்தாலும், வெடித்த இறப்பர்க் குழாய் வழியே காற்று மிகுந்தாலும் பிஸ்டன் சூடேறிக் கீறுண்ணும்.

முதலில் இயந்திரம் ஆறட்டும். பிளக்கின் கம்பியை எடுத்துவிட்டுச் சங்கிலியையும் அகற்றுங்கள். பின்பு புகைபோக்கியைக் கழற்றி, அத்துவாரத்தினூடாகப் பிஸ்டனை நோக்குங்கள். அதன் பக்கம் வழுவழுப்பாயிருப்பின், பிளக்கையும் காபுரேற்றரையும் எரிபொருள் வடியையும் ஆராய்ந்தாற் பெரும்பாலும் போதும். நெடுங்கீறல்கள் தோன்றினாலன்றோ சிலிண்டரைப் பிரிக்கும் வேலை!

கிளச்சின் மரை பெரும்பாலும் இடமரை; வலஞ்சுழியாகத் திருப்பினாலே கழலும். அவ்வேளை பிஸ்டன் அசையாதிருக்கப் பிளக் துவாரத்தினுள் கயிற்றை நுழையுங்கள். இரும்பை நுழைத்தால் பிஸ்டன் பழுதாகும். கழற்றிய பாகங்களை வரிசையாக அடுக்கி, பிள்ளைகளைக் கொண்டு குறிப்பெழுதச் செய்யுங்கள். பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருப்பின், அஃது எப்பக்கம் நோக்கியதென்பதும் அக்குறிப்பில் இருக்கட்டும்.

காரணத்தை நீக்காது புதுப் பிஸ்டன் பூட்டுவது ஓட்டைப் பானையில் நீர் நிறைப்பதை ஒக்கும். சில நாளில் அதுவும் கீறுண்டு, கைப்பொருளும் கரையும். அவ்வாளை நம்பிக் கூலிக்குச் செல்பவர் வீட்டில் அடுப்பும் எரியாது.