கூலி கப்பலேறிய கதை

பொங்கல் விழா, ஆண்டு விழா என்று எது நடந்தாலும் நம் தமிழ்ச் சங்க மேடைகளில் ஒரு பேச்சு தவறாமல் இடம்பெறுகிறது. ஆங்கிலத்துக்குத் தமிழ் அளித்த கொடை பற்றிய பேச்சு அது. கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று, சுருட்டு 'செரூட்' ஆயிற்று, மிளகுத் தண்ணீர் 'முள்ளிகடானி' ஆயிற்று, கறி 'கரி' ஆயிற்று என்று பேச்சாளர் அடுக்குவார். கைதட்டலும் தவறாமல் கிடைக்கும்.

இந்த நான்கும் சரிதான். ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொண்டவை. மிளகுத் தண்ணீரை விடாமல் குடித்ததனால், சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு மற்ற ராஜதானிக்காரர்கள் 'மல்' என்றே கேலிப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் உற்சாக மிகுதியில் சிலர் 'கேஷ்' என்பதும் நம்முடைய காசுதான் என்று சேர்த்துவிடுகிறார்கள். இது பாதி உண்மை. அந்நாளில் கேஷ் என்று ஒரு சில்லறை நாணயம் வழங்கியது. அந்தப் பெயர் நம் காசிலிருந்து போர்ச்சுக்கீசியர் வாய்வழியாகப் போனது. கவுண்டரில் எண்ணிக் கொடுக்கும் ரொக்கமாகிய கேஷ் வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சத்தம் ஒன்றாயிருப்பதால் உறவு கொண்டாட முடியாது.

ஆனால் எந்தப் பேச்சாளரும் பட்டியலில் சேர்க்காத ஒரு சொல் இருக்கிறது. கூலி என்பதே அது. நம்மவர் பிழைப்புக்காகப் போன இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே போயிற்று. இருந்தும் மேடையில் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கு யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்த பெரிய அகராதி 1886-ல் வெளியாயிற்று. ஹாப்சன்-ஜாப்சன் என்பது அதன் பெயர். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். கூலிக்கு அந்த அகராதி இரண்டு வேர்களைக் காட்டுகிறது. ஒன்று, குஜராத்துப் பக்கத்துக் கோலி மக்களின் பெயர். மற்றொன்று, நமது கூலி. மும்பைக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடிக்கும் கோலிகளை இந்நகரில் வாழும் நாம் அறிவோம். அவர்களுடைய குலப்பெயரும் நம்முடைய உழைப்பின் பெயரும் போர்ச்சுக்கீசியர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிட்டன போலும்.

தமிழில் கூலி என்பது ஆளின் பெயர் அல்ல. செய்த வேலைக்குரிய பணம் அல்லது தானியம். வேலை செய்பவன் கூலியாள், கூலிக்காரன். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உடல் வருந்திப் பாடுபட்டதன் பலனைக் குறிக்க இந்தச் சொல்லைத்தான் கையாண்டிருக்கிறார். நாற்று நட்டவளும் களம் அடித்தவனும் உரிமையோடு கேட்டு வாங்கியது கூலி. ஆங்கிலத்தில் ஏறியதும் பணம் விழுந்துவிட்டது, ஆள் மட்டும் மிஞ்சினான்.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-ல் அமலுக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பஞ்சம். ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கி மொரீஷியசுக்கும் பிறகு மற்றத் தீவுகளுக்கும் இந்தியரை ஏற்றினார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலுக்குப் போன முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் இருந்தவர்கள்தான். இலங்கையிலும் மலேயாவிலும் கங்காணி ஆள் பிடித்தார். கங்காணியும் ஆங்கில அறிக்கைகளில் ஏறிய தமிழ்ச் சொல்லே. தோட்டத்துத் துரைமார் வேலை ஏவக் கற்றுக்கொள்வதற்கு 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே ஆங்கிலத்தில் ஒரு கைப்புத்தகம் வந்தது. தொல்காப்பியம் கண்ட மொழிக்கு அப்படியும் ஒரு பெயர்!

தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் ஒரு படி போயிற்று. தொழிலாளி மட்டுமல்ல, இந்தியனாகப் பிறந்த எவனும் கூலிதான். 1893-ல் அங்கே போன காந்தியடிகளைக் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். வியாபாரிகள் 'கூலி வியாபாரிகள்' ஆனார்கள். அவரே சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். நம்மவர் பெயர்களில் ராமசாமி, முனுசாமி என்று 'சாமி' வருவதைக் கண்டு, இந்தியரை 'சாமி' என்றும் ஏளனமாக அழைப்பார்களாம். சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உனக்கு எஜமான் அல்லவே என்று சுருக்கென்று பதில் சொன்னவர்களும் உண்டு என்கிறார் அவர்.

இதே வழியில் போன இன்னொரு சொல் பறை முழக்கும் மக்களின் பெயர். உலகம் ஒதுக்கிவைத்த நாடு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் அதைத்தான் கூச்சமின்றி அச்சிடுகின்றன. நம் நாட்டில் சாதிப் பெயர் சொல்லி ஒருவரைப் பொது இடத்தில் இழிவுபடுத்தினால் 1989-ம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்கு வரும். தலையங்கம் எழுதுகிறவர்களுக்கு அந்த நினைப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

கப்பலேறிப் போன கூலி நம் ரயில் நிலையத்துக்கே திரும்பி வந்து நின்றது. ரயில்வே காகிதங்களில் அவர் 'லைசென்ஸ் பெற்ற போர்ட்டர்'. பிளாட்பாரத்தில் கூலிதான். முல்க் ராஜ் ஆனந்தின் 1936-ம் வருட நாவலுக்கும், 1983-ல் அமிதாப் பச்சனுக்கும், 2025-ல் ரஜினிகாந்துக்கும் அதுவே தலைப்பு. திரையில் கூலி கதாநாயகன்; டிக்கெட் விற்பனைக்குக் குறைவில்லை.

2016-ம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில், இனி இவர்கள் கூலிகள் அல்ல, 'சஹாயக்' என்று அறிவித்தார்கள். உதவியாளர் என்று அர்த்தம். நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் ரயில்வே அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. லைசென்சும் கைப்பில்லையும் கொடுத்து, சுமைக்கு இவ்வளவு என்று கட்டணத்தை நிர்ணயிக்கிறது. வண்டி வந்து, பயணி இறங்கி, சக்கரம் வைத்த பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு நகரும் படிக்கட்டில் ஏறிவிட்டால் சஹாயக்குக்கு அன்று கிடைப்பது பூஜ்யம். 2008-ம் ஆண்டு பட்ஜெட்டில் தகுதியுள்ள போர்ட்டர்களைக் கேங்மேன் வேலைக்கு எடுப்பதாக அறிவித்து, பலரை எடுக்கவும் செய்தார்கள். போர்ட்டர் சங்கங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த மாதிரி நிரந்தர வேலையைத்தான். புதுப் பெயர் வேண்டும் என்று அவர்கள் கொடி பிடித்ததை நான் பார்க்கவில்லை. வெள்ளைக்காரன் கூலியைத் தள்ளிவிட்டு ஆளை எடுத்துக்கொண்டான். நாம் ஆளுக்கு வேறு பெயர் வைத்தோம், கூலி பழைய இடத்திலேயே கிடக்கிறது.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மகாராஷ்டிரத்தில் 1969-ல் மாத்தாடி, ஹமால் தொழிலாளர் சட்டம் வந்தது. மாத்தாடி என்றால் தலைச்சுமைக்காரர், ஹமால் என்றால் மூட்டை தூக்குபவர். தெருவில் வழங்கும் சொற்களையே சட்டத்தின் தலைப்பில் வைத்தார்கள். அழகான பெயர் எதையும் தேடவில்லை. வியாபாரிகளிடமிருந்து கூலியையும் அதற்கு மேல் ஒரு தொகையையும் வாரியம் வசூலித்து, தொழிலாளிக்குச் சம்பளம், பிராவிடண்ட் பண்டு, போனஸ், விடுமுறைச் சம்பளம் என்று கொடுக்கிறது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கு இது உண்டு. ரயில் நிலையத்தில் அதே பாரத்தைத் தூக்குகிறவருக்கு இல்லை.

ஊரிலிருந்து வரும் வண்டியில் அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியுமாக வந்து இறங்கும் நம் குமாஸ்தா நண்பர்கள், சுமைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் வாதாடுவதைப் பார்க்கிறேன். நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்பது நிலையத்தில் எழுதி வைத்திருக்கிறது. பேரத்துக்கு நடுவே இருவரும் உச்சரிப்பது அதே தமிழ்ச் சொல்லைத்தான். போர்ட்டர் கேட்பது கூலி. பயணி கூப்பிடுவதும் கூலி.